சுழலாத தட்டில் பழைய விண்டோஸ்

ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் மூலையில், படிகங்களின் அமைப்பை எக்ஸ் கதிரால் ஆராயும் கருவி ஒன்று நிற்கிறது. வாங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அதன் அளவீடுகளில் குறையில்லை. அதனோடு இணைந்த கணிப்பொறியில் இருப்பது 2001ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி. கருவியை ஆட்டிவைக்கும் நிரல் அந்த இயக்க முறைமையில் மட்டுமே ஓடும். ஒருநாள் கணிப்பொறிப் பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஓர் ஓசை எழுகிறது. தகவல்களைத் தாங்கியிருக்கும் வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், தன் கடைசி நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டது.

கடைக்குச் சென்று கேட்டால், "அந்த வகை இப்போது வருவதில்லை, எஸ்.எஸ்.டி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். எஸ்.எஸ்.டி. என்பது திண்மநிலைச் சேமிப்பகம். சுழலும் தட்டோ அசையும் பகுதியோ இல்லாத, முழுவதும் சில்லுகளால் ஆன தகவல் கிடங்கு. விரல் நீளமே உள்ள ஒரு பலகையில் பழைய வன்தட்டைப்போல் பத்து மடங்கு தகவல் அடங்கும். வேகமோ சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் பழைய எக்ஸ்.பி.யை இந்தப் புதிய கிடங்கில் ஏற்றிவிட்டால் போயிற்றே!

பழைய பாத்திரங்களைப் புதிய அலமாரியில் அடுக்குவது போன்ற எளிய வேலையாகத் தோன்றுகிறது. ஆனால் செய்து பார்த்தவர்கள் பலரும் முதலில் கண்டது நீலநிறத் திரையைத்தான். சிலருக்கு அதுகூட இல்லை. தட்டே இல்லை என்று இயக்க முறைமை கைவிரித்துவிட்டது. ஏன் இப்படி? இதற்கு விடை காண நாம் நாற்பது ஆண்டுகள் பின்னால் செல்ல வேண்டும். அந்த நாற்பது ஆண்டுக் கதையை ஒரு நீண்ட பாசாங்கின் கதை என்றே சொல்லலாம்.

ஊர், தெரு, கதவிலக்கம்

காந்தத் தட்டில் தகவலைப் பதிக்கும் முறை 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராமாக் என்னும் கணிப்பொறியோடு வந்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஒரே அச்சில் சுழலும். அதில் அடங்கியது சுமார் 50 இலட்சம் எழுத்துகள்தாம். நம் கதைக்கு வேண்டியது அதன் பேரன், பேத்திகளில் ஒன்று. 1983 மார்ச்சில் ஐ.பி.எம். நிறுவனம் பி.சி. எக்ஸ்.டி. என்ற கணிப்பொறியை வெளியிட்டது. அதில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது.

அந்தத் தட்டின் அமைப்பைச் சற்று நின்று பார்ப்போம். தட்டின் பரப்பில் வட்ட வட்டமாகத் தடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு காந்தத் தலை. எல்லாப் பரப்புகளிலும் மையத்திலிருந்து ஒரே தூரத்திலுள்ள தடங்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் ஓர் உருளை வடிவம் கிடைக்கும். அதையே 'உருளை' என்றார்கள். ஒவ்வொரு தடமும் துண்டம் துண்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டத்தில் 512 பைட் தகவல். எக்ஸ்.டி.யின் தட்டில் 306 உருளைகள், 4 தலைகள், தடத்துக்கு 17 துண்டங்கள். பெருக்கிப் பாருங்கள்: 306 × 4 × 17 × 512 = 1,06,53,696 பைட். அந்த 10 மெகாபைட் இதுவே.

ஆகவே ஒரு தகவல் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண்கள் போதும்: உருளை எண், தலை எண், துண்ட எண். ஊர், தெரு, கதவிலக்கம் என்று முகவரி எழுதுவதைப் போலத்தான். இந்த முகவரியைக் கொடுத்து, "அந்தத் துண்டத்தைப் படித்துக் கொடு" என்று கேட்கும் வாயில் ஒன்று கணிப்பொறியின் தாய்ப்பலகையில் இருந்தது. தாய்ப்பலகையில் நிலையாகப் பதிந்த பயாஸ் என்னும் சிறு நிரலின் ஒரு பகுதி அது. அதன் பெயர் குறுக்கீடு எண் 13. இந்தப் 13 பதினாறடிமான எண். நம் கணக்கில் 19. டாஸ் என்னும் அன்றைய இயக்க முறைமைக்குத் தட்டு எந்தக் கம்பெனியுடையது, எப்படிச் சுழல்கிறது என்பதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வாயிலில் முகவரியைக் கொடுக்கும், தகவலைப் பெறும்.

முகவரி எழுதுவதற்கு என்று வைத்த இடம் குறுகியது. உருளை எண்ணுக்குப் 10 பிட், தலை எண்ணுக்கு 8 பிட், துண்ட எண்ணுக்கு 6 பிட். ஆறு பிட்டில் 0 முதல் 63 வரை எழுதலாம். துண்டங்களை 1 முதல் எண்ணும் வழக்கம் ஏற்பட்டுவிட்டதால், ஒரு தடத்தில் அதிகம் போனால் 63 துண்டங்கள். இந்த 63 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இது ஒரு பெருந்தொல்லையாகத் திரும்பி வரப்போகிறது.

255 தலைகள்

தட்டுகள் வளர்ந்தன. வெளிவட்டத் தடங்கள் நீளமானவை, உள்வட்டத் தடங்கள் குறுகியவை. எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துண்டங்களை வைப்பது இடத்தை வீணாக்குவதல்லவா? எனவே வெளித் தடங்களில் மிகுதியாகவும் உள் தடங்களில் குறைவாகவும் துண்டங்களை வைத்தார்கள். அன்றோடு 'தடத்துக்கு இத்தனை துண்டம்' என்ற கணக்கு பொய்யாகிவிட்டது. ஆனால் இயக்க முறைமையோ பழைய மூன்று எண்களைத்தான் கேட்கும். பார்த்தார்கள் தட்டைச் செய்தவர்கள். தட்டுக்குள்ளேயே ஒரு சிறு மின்னணுச் சுற்றை வைத்து, வெளியிலிருந்து வரும் பொய் முகவரியை உள்ளேயுள்ள மெய் முகவரியாக மாற்றிக்கொள்ளச் செய்தார்கள். பாசாங்கு இங்கேதான் தொடங்கியது.

அது வேகமாக வளர்ந்தது. பயாஸ் ஒப்புக்கொண்ட வரம்பும் தட்டின் இணைப்பு ஒப்புக்கொண்ட வரம்பும் வெவ்வேறாக இருந்தன. இரண்டிலும் சிறியதைத்தான் பயன்படுத்த முடியும் என்பதால், 1024 உருளை, 16 தலை, 63 துண்டம் என்ற கணக்கில் 52.8 கோடி பைட்டோடு வண்டி நின்றது. 1990களின் நடுவில் பலரை அலைக்கழித்த தடை இது. தீர்வு வேடிக்கையானது. பயாஸ் இயக்க முறைமையிடம், "இந்தத் தட்டில் 255 தலைகள் இருக்கின்றன" என்று சொல்லத் தொடங்கியது! உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் 255 காந்தத் தலைகள் எப்படி இருக்கும்? இருந்தவை நான்கோ ஆறோதான். ஆனால் கணக்கு சரியாக வந்தது. எல்லை 840 கோடி பைட்டுக்கு நகர்ந்தது. அதையும் தாண்டியபோது, துண்டங்களை 0, 1, 2 என்று வரிசையாக எண்ணும் எளிய முறை முன்னுக்கு வந்தது. அதிலும் 28 பிட் என்று ஓர் எல்லை வைத்து, 13,700 கோடி பைட்டில் மீண்டும் முட்டிக்கொண்டார்கள். 2001இல் வந்த எக்ஸ்.பி. அதற்கு மேலுள்ள இடத்தைக் காணாது; 2002இல் வந்த முதல் திருத்தத் தொகுப்புக்குப் பிறகே கண்டது. எழுதும்போது 'இவ்வளவு போதும்' என்று நினைத்த ஒவ்வொரு எல்லையும் பின்னர் உடைந்திருக்கிறது.

இவ்வளவும் நடந்தது தட்டு சுழன்றுகொண்டிருந்த காலத்தில். அடுத்து, சுழலாத தட்டைப் பார்ப்போம்.

பலகையில் எழுதுவதும் அழிப்பதும்

ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா, 1984இல் ஒரு புதுவகை நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். மின்சாரம் நின்றாலும் அதில் பதித்தது அழியாது. ஆனால் வேண்டியபோது மின்னாலேயே அதை அழிக்கலாம். அதுவும் பெரும் பகுதியை ஒரே நொடியில். ஒளிப்படக் கருவியின் மின்வெட்டொளி நினைவுக்கு வந்ததால் உடன் பணியாற்றிய ஷோஜி அரிஸுமி 'ஃபிளாஷ்' என்று பெயர் சொன்னாராம். 1987இல் இதன் இன்னொரு வடிவமான நேண்ட் ஃபிளாஷை மசுவோகாவின் குழு வெளியிட்டது. இன்றைய எஸ்.எஸ்.டி.யில் இருப்பது அதுவே.

இதன் இயல்பை ஒரு கரும்பலகையோடு ஒப்பிடலாம். பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதலாம். ஆனால் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது. அழிப்பதானால் பலகை முழுவதையும் துடைக்க வேண்டும். எழுதும் அலகுக்குப் 'பக்கம்' என்று பெயர். தொடக்க கால எஸ்.எஸ்.டி.களில் பெரும்பாலும் 4096 பைட். அழிக்கும் அலகு 'தொகுதி'. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். இன்னொரு குறையும் உண்டு. அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கும் மெல்லிய காப்புப் படலம் சற்றே தேய்கிறது. ஒரு நினைவறை ஒரு பிட்டை மட்டும் தாங்கும் வகையானால் சுமார் 1,00,000 முறை தாங்கும். மூன்று பிட் தாங்கும் மலிவு வகை ஏறத்தாழ 1,000 முறைதான்.

ஆகவே எஸ்.எஸ்.டி.க்குள் ஒரு முழுக் கணக்குப்பிள்ளையே அமர்ந்திருக்கிறார் எனலாம். "ஆயிரமாவது துண்டத்தில் இதை எழுது" என்று கணிப்பொறி சொன்னால், அவர் தேயாத வேறொரு வெற்றுப் பக்கத்தில் எழுதி, 'ஆயிரம் என்றால் இங்கே' என்று தம் பேரேட்டில் குறித்துக்கொள்வார். அடுத்த முறை அதே ஆயிரத்துக்கு எழுதச் சொன்னால் இன்னொரு இடம். வெளியிலிருந்து பார்க்கும் இயக்க முறைமைக்கு ஒன்றும் தெரியாது. உருளையும் தலையும் துண்டமும் கொண்ட நல்ல பழைய வன்தட்டு என்றே எண்ணிக்கொண்டிருக்கும்.

அறுபத்துமூன்றின் தொல்லை

இந்த மறைப்பில் ஓட்டை விழும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்.பி. ஒரு தட்டைப் பிரிவுகளாகப் பிரிக்கும்போது, முதல் தடத்தைப் பிரிவு அட்டவணைக்கு ஒதுக்கிவிட்டு, அடுத்த தடத்தின் தலைப்பிலிருந்து முதல் பிரிவைத் தொடங்கும். தடத்துக்கு 63 துண்டம் என்பது அதன் நம்பிக்கை. எனவே பிரிவு தொடங்குவது 63ஆம் எண் துண்டத்தில். உண்மையில் தடமும் இல்லை, தலையும் இல்லை என்பது அதற்குத் தெரியாது.

எக்ஸ்.பி. கோப்புகளை 4096 பைட் கூறுகளாகச் சேமிக்கிறது. அதாவது எட்டெட்டுத் துண்டங்கள். ஃபிளாஷ் பக்கமும் 4096 பைட். அதுவும் எட்டுத் துண்டங்களே. இரண்டும் பொருந்த வேண்டுமானால் தொடக்க எண் எட்டால் வகுபட வேண்டும். 63 எட்டால் வகுபடாது; ஏழு மிஞ்சும். விளைவு? ஒவ்வொரு கூறும் இரண்டு பக்கங்களில் கால் பரப்பி நிற்கும். ஒன்றை எழுத இரண்டு பக்கங்களைத் தொட வேண்டும். வேகமும் குறைகிறது, தேய்மானமும் கூடுகிறது. 64இல் தொடங்கியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஒரே ஒரு துண்டம்!

இதே இடர் காந்தத் தட்டுகளிலும் வந்தது. 2009ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 4096 பைட் துண்டங்களைக் கொண்ட வன்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. எக்ஸ்.பி. வைத்திருப்போருக்காக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் செய்த வழி நம் கதையின் மிகச் சுவையான பகுதி. தட்டின் பின்புறத்தில் 7, 8 என்னும் இரண்டு ஊசிகளை ஒரு சிறு இணைப்பால் சேர்த்துவிட்டால், வருகிற ஒவ்வொரு முகவரியோடும் தட்டு தானே ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். 63 என்றால் 64! ஒரு பொய்யைச் சரிக்கட்ட இன்னொரு பொய். ஆனால் இந்த இணைப்போடு புதிய இயக்க முறைமையை ஏற்றினால், சரியாக இருந்த அதன் கணக்கு கெட்டுப்போகும்.

2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, தடக் கணக்கை விட்டுவிட்டு, முதல் பிரிவை 2048ஆம் துண்டத்தில் தொடங்கியது. 2048 எட்டாலும் வகுபடும், அதைவிடப் பெரிய பக்க அளவுகளாலும் வகுபடும். எனவே எஸ்.எஸ்.டி.யில் எக்ஸ்.பி. ஏற்றுவோர் இன்றும் கையாளும் முறை இது: புதிய இயக்க முறைமை ஒன்றைக் கொண்டு 2048இல் தொடங்கும் பிரிவை முன்கூட்டியே அமைத்துவிடுவது, பிறகு எக்ஸ்.பி.யின் நிறுவு தட்டை இட்டு, இருக்கும் பிரிவை அழிக்காமல் அதிலேயே நிறுவச் சொல்வது. பிரித்துக்கொடுத்ததை எக்ஸ்.பி. மறுப்பதில்லை. தானாகப் பிரிக்கவிட்டால்தான் 63க்குப் போய்விடுகிறது.

இன்னொரு குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கோப்பை நீக்கும்போது இயக்க முறைமை தன் அட்டவணையில் மட்டும் 'நீக்கப்பட்டது' என்று எழுதிக்கொள்கிறது. எஸ்.எஸ்.டி.க்குள்ளிருக்கும் கணக்குப்பிள்ளைக்கு அந்தச் செய்தி போவதில்லை. வேண்டாத குப்பையையும் அவர் பத்திரமாகத் தூக்கி இடம் மாற்றிக்கொண்டிருப்பார். "இவை இனி வேண்டாம்" என்று சொல்லும் டிரிம் என்னும் கட்டளையை 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 அனுப்பியது. எக்ஸ்.பி.க்கு அது தெரியாது. எனவே எக்ஸ்.பி. ஏற்றும் எஸ்.எஸ்.டி.யில் ஒரு பகுதியைப் பிரிக்காமல் வெறுமனே விட்டுவைப்பது நல்லது. கணக்குப்பிள்ளைக்கு நடமாட இடம் வேண்டுமே.

தான் அமர்ந்த கிளை

இதுவரை கண்டவை வேகக் குறைவும் தேய்மானமும்தான். நீலத்திரை எங்கிருந்து வருகிறது?

டாஸ் கடைசிவரை பயாஸின் வாயிலில் நின்றே கேட்டது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்.பி.யும் அதன் தலைமுறையும் வேறு இனம். மின்விசையைப் போட்டவுடன் முதலில் ஓடும் சிறு ஏற்றி நிரல், பழைய குறுக்கீட்டு வாயில் வழியாகவே தட்டைப் படித்து, இயக்க முறைமையின் கருவையும் அதற்கு வேண்டிய சில கோப்புகளையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கரு விழித்தெழுந்ததும் பயாஸுக்கு விடை கொடுத்துவிடுகிறது. இனி தட்டோடு பேசத் தன்னிடமுள்ள டிரைவர் என்னும் இயக்கி நிரலையே நம்பும். இணைப்பின் மொழியை அந்த இயக்கி அறிந்திருந்தால் நலம். அறியாவிட்டால்? சற்று முன் தான் எந்தத் தட்டிலிருந்து வந்ததோ அந்தத் தட்டே அதற்குத் தெரியாது. கிளையில் அமர்ந்துகொண்டே கிளை எங்கே என்று தேடும் நிலை. அப்போதுதான் 7பி என்ற எண்ணோடு நீலத்திரை தோன்றுகிறது. 'துவக்கத் தட்டை அணுக முடியவில்லை' என்பது அதன் பொருள்.

2004இல் இன்டெல் நிறுவனம் ஏ.ஹெச்.சி.ஐ. என்னும் இணைப்பு முறையை வகுத்தது. எக்ஸ்.பி. அதற்கு முந்தியது; அதன் மொழி தெரியாது. நிறுவத் தொடங்கும்போது திரையின் அடியில் சில விநாடிகள் ஒரு வரி தோன்றும். அப்போது எஃப்6 விசையை அழுத்தினால் வெளியிலிருந்து இயக்கியைக் கொடுக்கலாம். எதில் கொடுப்பது? பிளாப்பி என்னும் நெகிழ்வட்டில்தான்! பிளாப்பி செருகும் வாயே இல்லாத கணிப்பொறிகள் பெருகிய காலத்திலும் எக்ஸ்.பி. அதையே கேட்டுக்கொண்டிருந்தது. அதனால் பலர் இயக்கியை நிறுவு தட்டின் கோப்புகளுக்குள்ளேயே சேர்த்துப் புதிய தட்டைப் பதித்துக்கொண்டார்கள். தாய்ப்பலகை செய்தவர்களும் இரக்கம் காட்டினார்கள். பயாஸ் அமைப்பில் 'ஐ.டி.இ. முறை' என்று ஒரு தேர்வு வைத்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்தால் புதிய இணைப்பு பழைய இணைப்பு போலவே நடந்துகொள்ளும். பாசாங்கு இன்னும் சில ஆண்டுகள் நீடித்தது.

பாசாங்கு நின்ற ஆண்டு

2011 மார்ச் 1ஆம் நாள் என்.வி.எம்.இ. என்னும் விதிமுறையின் முதல் பதிப்பு வெளியாயிற்று. சுழலும் தட்டை மனத்தில் கொண்டு வகுத்த பழைய முறைகளை ஒதுக்கிவிட்டு, ஃபிளாஷ் சில்லுகளுக்கென்றே எழுதிய விதிமுறை இது. ஒரு தட்டில் ஒரு தலைத் தொகுதிதான் உண்டு. எனவே பழைய ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் ஒரு வரிசை, அதில் 32 கட்டளைகள். ஃபிளாஷ் சில்லுகளோ பல ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஆகவே என்.வி.எம்.இ. முறையில் ஏறத்தாழ 65,000 வரிசைகள், ஒவ்வொன்றிலும் 65,000 கட்டளைகள் வரை நிற்கலாம். இங்கே பழைய தட்டாக நடிக்கும் எண்ணமே இல்லை. 'என் மொழி தெரிந்தவன் பேசு' என்பதுதான் அதன் போக்கு. வேகம் அதனால்தான் கிடைத்தது. பழைய இயக்க முறைமைகள் குருடானதும் அதனால்தான்.

இப்போது எக்ஸ்.பி. மட்டுமல்ல, 2009இன் விண்டோஸ் 7கூடப் பழையதாகிவிட்டது. அதன் நிறுவு தட்டில் என்.வி.எம்.இ. இயக்கி இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2990941 என்ற எண்ணிட்ட திருத்தத்தைப் பின்னர் அளித்தது. அதை நிறுவு கோப்புகளுக்குள் முன்பே சேர்த்துக்கொள்ள வேண்டும். அத்துடன் தொல்லை தீரவில்லை. புதிய பலகைகளில் யு.எஸ்.பி. வாய்கள் எல்லாம் மூன்றாம் பதிப்புக் கட்டுப்பாட்டுச் சுற்றில் இணைந்தவை. விண்டோஸ் 7க்கு அதன் இயக்கியும் இல்லை. ஆகவே யு.எஸ்.பி. குச்சியிலிருந்து புறப்பட்ட நிறுவு நிரல், பாதி வழியில் அந்தக் குச்சியையே காணாமல், இயக்கி எங்கே என்று கேட்கும். சுட்டியும் விசைப்பலகையும் அசையா. எனக்குத் தெரிந்த ஒருவர், பரணில் கிடந்த வட்ட முனைப் பழைய விசைப்பலகையைத் துடைத்து எடுத்துவந்துதான் அடுத்த கட்டத்துக்குப் போனார்.

பயாஸும் மாறிவிட்டது. அதன் இடத்தில் வந்த யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய நிரல், பழைய குறுக்கீட்டு வாயில்களை ஓர் 'இணக்கப் பகுதி'யாக மட்டும் சில காலம் வைத்திருந்தது. விண்டோஸ் 7 தொடங்கும்போது திரையில் எழுதப் பழைய பத்தாம் எண் குறுக்கீட்டைத் தேடும். இணக்கப் பகுதி இல்லையென்றால் தொடக்கப் படத்திலேயே நின்றுவிடும். 2017இல் இன்டெல் அந்த இணக்கப் பகுதியை 2020க்குள் கைவிடப்போவதாக அறிவித்தது.

இதில் ஒரு முரண் உண்டு. மிகப் பழைய டாஸுக்கு இந்தத் தடைகளில் பல இல்லை. அது பயாஸைத்தான் கேட்கிறது. பயாஸுக்குத் தட்டைப் படிக்கத் தெரிந்தால் டாஸுக்கும் தெரியும். 2015இல் வந்த சாம்சங் 950 புரோ என்னும் என்.வி.எம்.இ. சேமிப்பகத்தில், பழைய பயாஸுக்கு வழிகாட்டும் சிறு நிரல் ஒன்று கூடவே பதிந்திருந்தது. அதனால் என்.வி.எம்.இ.யைக் கேள்விப்படாத பலகைகளும் அதிலிருந்து தொடங்கின. இன்னும் எளிய வழி 1994இல் சான்டிஸ்க் நிறுவனம் கொண்டுவந்த காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை. ஒளிப்படக் கருவிகளுக்குப் பயன்பட்ட இந்த அட்டைக்குள்ளேயே பழைய ஐ.டி.இ. வன்தட்டாக நடக்கும் திறன் உண்டு. கம்பிகளை இணைத்துக்கொடுக்கும் ஒரு மலிவான பொருத்தி போதும். டாஸ் தன்னை ஒரு வன்தட்டில் இருப்பதாகவே நினைத்து ஓடும். பிரிவு ஒவ்வொன்றும் 2 ஜிகாபைட்டைத் தாண்டக்கூடாது என்பது மட்டுமே டாஸ் 6.22இன் நிபந்தனை.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்புவோம்

நம் எக்ஸ் கதிர்க் கருவிக்கு என்ன செய்வது? இன்று பலரும் சொல்லும் வழி மெய்நிகர் கணிப்பொறி. புதிய கணிப்பொறிக்குள் ஒரு நிரல், பழைய கணிப்பொறி ஒன்றை முழுவதுமாக நடித்துக்காட்டும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற நிரல்கள் 1990களில் வந்த இன்டெல்லின் பி.ஐ.ஐ.எக்ஸ்.4 என்னும் சில்லைப் போல நடிக்கின்றன. அடியில் இருப்பது என்.வி.எம்.இ.; எக்ஸ்.பி. காண்பதோ தனக்குப் பழக்கமான ஐ.டி.இ. தட்டு. சன்னல் ஒன்றுக்குள் நீலவானமும் பச்சைக் குன்றும் எழுந்துவரும். கணக்குப் போடவும் பழைய கோப்புகளைத் திறக்கவும் இது போதும்.

ஆனால் ஆய்வுக்கருவி ஒரு தனி அட்டையின் மூலம் கணிப்பொறியோடு இணைந்திருக்கிறது. அந்த அட்டை புதிய தாய்ப்பலகையில் செருகாது. மெய்நிகர் கணிப்பொறிக்கு அது தெரியவும் தெரியாது. எனவே மெய்யான பழைய கணிப்பொறியே வேண்டும். மாற்ற வேண்டியது தட்டை மட்டும்தான். இங்கே என்.வி.எம்.இ. வேண்டாம், பழைய சாட்டா இணைப்புள்ள எஸ்.எஸ்.டி.யே பொருத்தம். பலகையில் சாட்டா இல்லையென்றால், ஐ.டி.இ.யைச் சாட்டாவாக மாற்றும் பொருத்தி கிடைக்கிறது. டிக் ஓசை கேட்ட அன்றே பழைய தட்டின் முழுப் படியை எடுத்துவிட வேண்டும். ஓசை நின்ற பிறகு எடுக்க ஒன்றும் இராது. படியை அப்படியே இறக்கினால் 63உம் கூடவே வரும் என்பதால், பிரிவை 2048க்கு நகர்த்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எக்ஸ்.பி.க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் நாளோடு. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் கேடுநிரல் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகள் பலவற்றின் பணிகளை முடக்கியது. எக்ஸ்.பி.க்கான ஆதரவு முடிந்து மூன்றாண்டு ஆன பின்னும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்கு ஒரு தனித் திருத்தத்தை அளிக்க நேர்ந்தது. எனவே ஆய்வுக்கூடக் கணிப்பொறியின் இணையக் கம்பியைக் கழற்றிவிடுவதே முறை. பழைய முறைமையை வைத்திருப்பது பழமைப் பற்றினால் அல்ல. பல இலட்ச ரூபாய்க் கருவியும், அதில் அளந்த பதினெட்டு ஆண்டுத் தரவுகளும், அடுத்த ஆண்டு வரும் மாணவரின் ஆய்வும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதால்தான்.

இனி, வீட்டிலோ கல்லூரியிலோ விண்டோஸ் 10, 11 உள்ள கணிப்பொறி இருந்தால் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். முறைமைத் தகவல் என்னும் நிரலைத் திறந்து, சேமிப்பகங்கள், தட்டுகள் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். உள்ளே இருப்பது விரலளவு என்.வி.எம்.இ. பலகையாகவே இருக்கட்டும். அங்கே தடத்துக்கு 63 துண்டங்கள், உருளைக்கு 255 தடங்கள் என்று எழுதியிருக்கும். 512 ஜிகாபைட் என்று விற்கும் சேமிப்பகமானால் உருளைகளின் எண்ணிக்கை 62,260 என்று காணலாம். 62,260 × 255 × 63 × 512 என்று பெருக்குங்கள்: 51,210,59,32,800 பைட். சேமிப்பகத்தின் உண்மையான கொள்ளளவோ 51,211,01,90,592 பைட். இடையிலுள்ள 42,57,792 பைட் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. இல்லாத உருளை ஒன்றை நிரப்ப அது போதவில்லை. ஆகவே கணக்கில் சேரவில்லை.